கேஷ்பேக் அண்ணைக்கு வந்த கடிதங்கள்

சாமான் பெட்டிக்குள் கம்பனிக்காரர் போட்டுவைக்கும் நிபந்தனைத் துண்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அதை எழுதிய வக்கீல்கூட முழுதாக வாசித்திருக்க மாட்டார். எங்கள் கேஷ்பேக் அண்ணை வாசித்தார். பூதக்கண்ணாடி பிடித்து, வாய்விட்டு, தேவாரம் படிக்கிற பக்தியோடு வாசித்தார்.

இது 2012 கதை. மெல்பேர்னில், நோபல் பார்க்கில் ஒரு வாடகை வீடு. உள்ளே நான், மன்னார் சேவியர், கேஷ்பேக் அண்ணை. மூவரும் தஞ்சம் கேட்டு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டு, 'முடிவைக் கடிதத்தில் சொல்கிறோம், போய் இருங்கள்' என்று இமிகிரேஷன்காரர் அனுப்பியிருந்தார்கள். குசினி ஒன்று, ஆனால் சட்டி மூன்று. அவரவர் சமைத்து, அவரவர் மூலையில் போனைக் காதில் வைத்து ஊரோடு பேசிக்கொண்டே சாப்பிட்டு முடிப்போம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவு தனியாக இருக்கலாம் என்பதை நான் அங்கேதான் படித்தேன்.

கேஷ்பேக் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன். கடையில் முழு விலையும் கொடுத்துச் சாமானை வாங்க வேண்டும். பிறகு பெட்டியிலுள்ள பார்கோடை வெட்டி, பில்லோடு சேர்த்துக் கம்பனிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவர்கள் மனமிரங்கினால் கொஞ்சக் காசு செக்காகத் திரும்பி வரும். அட, குறைக்கிற காசைக் கடையிலேயே குறைத்துத் தொலைத்தால் என்ன? தொலைக்க மாட்டார்கள். நாங்கள் பெட்டியை எறிந்துவிடுவோம், பில்லைத் தொலைத்துவிடுவோம், கடைசித் திகதியை மறந்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் நடக்கிற வியாபாரம் அது.

அண்ணை எதையும் மறக்கிற ஆள் இல்லை. ஒருநாள் டண்டினோங்கில் மரக்கறி பொதி பண்ணுகிற வேலை முடிந்து, ஒரு பெரிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"என்னண்ணை இது?"

"பிரிண்டர். கேஷ்பேக் இருக்கு."

"எங்களிட்டக் கொம்பியூட்டரே இல்லையே!"

"கொம்பியூட்டருக்குக் கேஷ்பேக் இல்லையடா. அதுதான் வாங்கேல்லை."

இதற்கு மேல் அந்த மனிதரோடு என்ன பேச? பிரிண்டர் மேசைக்குக் கீழே போனது. பெட்டி மட்டும் சாமி படத்துக்குக் கிட்ட இடம் பிடித்தது.

பார்கோடை வெட்டினார். கடித உறையின் நாலு மூலைக்கும் மஞ்சள் பூசினார். கை பழகிவிட்டது போலிருக்கிறது, பில்லுக்கும் பூசினார், பார்கோடுக்கும் பூசினார். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுத்து, அதன் பிறகுதான் தபாலில் சேர்த்தார். சில கிழமையில் பதில் வந்தது. இங்கிலிஷ் வாசிக்கிற வேலை என்னுடையது.

"பார்கோட் தெளிவில்லையாம் அண்ணை. ஏதோ மஞ்சள் கறை பட்டிருக்காம்."

"கறையோ? மஞ்சள் பூசாமல் ஒரு நல்ல காரியத்தை எப்பிடியடா அனுப்பிறது? இவங்கள் என்ன, செத்தவீட்டுக் கடிதமோ கேக்கிறாங்கள்?"

அன்றைக்குப் பிடித்த சண்டை மாதக்கணக்காக நடந்தது. கொப்பி அனுப்பினார், ஒரிஜினல்தான் வேண்டும் என்றார்கள். ஒரிஜினல் உங்களிடம்தானே இருக்கிறது என்று எழுதினார், கிடைத்த பேப்பர் எதையும் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள். கடைசியில் போனில் பிடித்தார். அந்தப் பக்கத்துப் பெண் வழமைபோல "ஹவ் ஆர் யூ டுடே?" என்று கேட்டாள். நீங்களும் நானும் "குட்" என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருவோம். அண்ணை "நொட் குட்" என்று தொடங்கினார். முழங்கால் நோவைச் சொன்னார். மனைவி சாவகச்சேரியில் தனிய இருப்பதைச் சொன்னார். மகள் பெரியபிள்ளையானதைப் போனில்தான் கேட்டேன் என்று தன்னுடைய உடைந்த இங்கிலிஷில் சொன்னார். பாவம், அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. போனை வைத்த பிறகுதான் பிரிண்டரைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

இந்த மனிதரின் ஆகப்பெரிய அதிசயம் இதுவல்ல. அவருக்குத் தபால்பெட்டி என்றால் பயமில்லை.

எங்களுக்குப் பயம். தபால்காரனின் மோட்டச்சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டால் சேவியர் "மாதாவே" என்று நெஞ்சைத் தொடுவான். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவேன். எங்களுக்கு ஒரேயொரு கடிதம்தான் வரக்கூடும். அது இருக்கச் சொல்லும், இல்லாவிட்டால் போகச் சொல்லும். அண்ணை மட்டும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். "எனக்கு! இதுவும் எனக்கு!" என்று சிரித்தபடி வருவார். எல்லாம் இல்லை, முடியாது, மன்னிக்கவும் என்ற கடிதங்கள். ஆனால் ஒவ்வொன்றும் 'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே' என்று தொடங்கும்.

"பாத்தியே? இந்த நாட்டில உனக்கு ஆரும் மதிப்புக்குரிய எண்டு எழுதியிருக்கிறாங்களோ?" என்று என்னைச் சீண்டுவார்.

அப்படி ஒருநாள் வாசலில் நின்று, "சேவியர், உனக்கடா!" என்றார்.

சேவியர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். உறையை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கிக் கிழித்தேன். 'மதிப்புக்குரிய திரு. சேவியர், நீங்கள் வாங்கிய மின்சாரப் பல்துலக்கிக்கான கேஷ்பேக் காலம் முடிந்துவிட்டதால் உங்கள் விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை.'

"எந்தப் பல்துலக்கி?" என்றான் சேவியர். அவனிடம் இருந்ததே தும்பு உதிர்ந்த ஒரு பழைய பிரஷ்.

அடுத்தநாள் எனக்கு வந்தது. நான் வாங்காத கமராவுக்காம். இரண்டு பேரும் அண்ணையைப் பிடித்துக்கொண்டோம்.

"ஆரோ வாங்கின சாமான்ர பெட்டி, ஆரோ எறிஞ்ச பில். கோயிலுக்கு வாற ஆக்கள் எறியிறதைப் பொறுக்கினனான். உங்கட பேரில எழுதிப்போட்டன்."

"அது களவெல்லோ!" என்று பாய்ந்தான் சேவியர்.

"என்ன களவு? திகதி முடிஞ்சதாப் பாத்துத்தான் அனுப்பினனான். காசு வந்தால்தானே களவு. இல்லையெண்டு கடிதம் வந்தா ஆருக்கு என்ன நட்டம்?"

"நான் செத்துப் பிழைச்சனான் அண்ணை! ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

அண்ணை பிரிண்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கடிதமெண்டாலே அந்தக் கடிதம்தான் எண்டிருந்தால் எப்பிடியடா சீவிக்கிறது? பத்துக் கடிதம் வரட்டும். அதில ஒண்டு அதா இருந்துட்டுப் போகட்டும். மிச்சத்தைப் பல்லு மினுக்கிறவன் எழுதட்டும்."

சேவியர் பல்துலக்கிக் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. அதற்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்தே தபால்பெட்டிக்குப் போனோம். வந்த மறுப்புகளைச் சோற்றுக்கு முன்னால் உரத்து வாசித்தோம். சேவியருக்கு ஹெயர் டிரையர் மறுக்கப்பட்ட அன்று வயிறு நோகச் சிரித்தோம். அவனுக்கு அந்த வயதிலேயே முழு வழுக்கை. சட்டியும் எப்படியோ ஒன்றாகிவிட்டது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அண்ணைக்கு இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று பிரிண்டர் கம்பனி. மற்றது இமிகிரேஷன். வேலை முடிந்து வந்தவர் இரண்டையும் மேசையில் பார்த்தார். முதலில் பிரிண்டர்க்காரனைக் கிழித்தார். உள்ளே செக் இருந்தது. அத்தனை சண்டைக்கும் பிறகு அவன் மனமிரங்கிவிட்டான்! நாங்கள் துள்ளிக் குதித்தோம். அவர் குதிக்கவில்லை. மற்ற உறையைத் தொடவுமில்லை. இத்தனை நாளும் எங்களுக்குத் தைரியம் சொன்ன மனிதருக்கு எங்கள் இரண்டு பேரையும்விடக் கூடப் பயம் இருந்தது என்பதை அப்போதுதான் கண்டேன்.

"நீ வாசி," என்றார்.

வாசித்தேன். நிறையப் பக்கம். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கடிதத்தை மடித்து மேசையில் வைத்தேன்.

அண்ணை என் முகத்தைப் பார்த்தார். "என்ன குறையாம்? பார்கோடோ?" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சேவியர் எழுந்து சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, தட்டை அவர் கையில் வைத்தான். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பக்கமும் இருந்தோம்.

அப்பீல் எழுதினோம். அந்தக் கடிதத்தின் நாலு மூலைக்கும் மஞ்சள் பூசியவன் சேவியர், மாதாவுக்கு நேர்ந்த பிள்ளை. கொஞ்ச நாளில் அண்ணையின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வேலை இருக்கிறதென்று அவரைச் சிட்னிக்குக் கூப்பிட்டார். குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு கராஜுக்குப் பின்னால் தனியறை. அப்பீல் முடிவு வரும்வரை இருக்கலாம். போனில் அவர் குரல் ஒவ்வொரு முறையும் சின்னதாகிக்கொண்டே வந்தது. "தபால்காரன் வாற நேரம் நான் வெளியில போறேல்லையடா" என்று ஒருநாள் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமையே நானும் சேவியரும் கேரம் டவுன்ஸுக்குப் போய்க் கோயில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம்.

ஒரு மாதம் கழித்து போன் வந்தது. எடுத்த உடனேயே ஏச்சு.

"டேய், ஆரடா என்ர பேரில புட்டு மாவுக்கு மிக்ஸர் வாங்கினது? திகதி முடிஞ்சு ஆறு மாதமாம்! நேற்று ஒண்டு, இண்டைக்கு ரெண்டு. மதிப்புக்குரிய எண்டெல்லாம் எழுதியிருக்கிறாங்கள். கராஜ்க்காரன் என்னை ஏதோ பெரிய முதலாளி எண்டு நினைக்கிறான்!"

அந்தப் பக்கம் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிறகு ஒரு சின்னக் குரல் கேட்டது.

"நாளைக்கும் வருமோடா?"

"வரும் அண்ணை," என்றேன்.