துடைப்பக்கட்டையின் எலும்பு

மண்டப வாசலில் கூட்டம் அலைமோதியது. கைக்குக் கட்டு, காலுக்குக் கட்டு. கண்ணுக்குப் போட்ட கட்டுதான் வெளியே தெரியவில்லை.

உள்ளே எலும்புச் செவியர்! எலும்பு கட்டும் செல்கள் அனுப்பும் கால்சியம் சிக்னலைக் காதாலேயே கேட்பவர். உடைந்த கையை விரல்நுனிவரை வெள்ளைத் துணியில் சுற்றித் திரைத் துவாரம் வழியே நீட்ட வேண்டும். காற்றுப் பட்டால் சிக்னல் கலைந்துவிடுமாம். என்னே விஞ்ஞானம்!

ஓய்வுபெற்ற ரயில் சிக்னல்காரர் 'சிக்னல்' என்ற சொல் காதில் விழுந்ததுமே தாமும் விழுந்துவிட்டார். சொந்தபந்தம் அத்தனையையும் திரட்டி வந்திருந்தார். மனைவிக்கு மணிக்கட்டு முறிவு. செவியர் சரியென்றால் அவள் மாவுக்கட்டை இன்றே வெட்டியெறிய முடிவு. கத்தரிகூடப் பையில் தயார்.

மருமகள் ஆய்வுக்கூடத்தில் எலும்புச் செல் வளர்ப்பவள்.

"மாமா, செல்லை லேசா அழுத்தினா உள்ள கால்சியம் ஏறும். எலும்பு கட்டச் சொல்ற சேதி அது. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தா மின்னும். காதுல கேக்காது."

"சிக்னலைப் பத்தி எனக்கே பாடமா?"

"சரி, நீங்களே சொல்லுங்க. சிக்னல்ல கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"லைன்ல ரயிலே இல்லாதப்போ பாப்போம். அப்பவும் ரயில் இருக்குன்னு காட்டினா..."

சொல்லி முடிக்குமுன் அவருக்கே சுருக்கென்றது.

"பாத்துடுங்களேன்," என்றாள் மனைவி. "போகப்போறது என் கைதானே!"

மூலையில் துடைப்பம் கிடந்தது. அதன் கட்டையைக் கழற்றித் துணி சுற்றினார். மனைவியின் முறை வந்ததும் அதைத் தாமே துவாரத்தில் நீட்டினார்.

உள்ளிருந்து பரவசக் குரல்: "ஆஹா! செல்லெல்லாம் பேசுது! வயசான அம்மா கை. எலும்பு கூடிடுச்சு. கட்டைப் பிரிச்சிடுங்க!"

"பிரிச்சாச்சு சாமி. உள்ள கட்டைதான் இருக்கு!"

திரையை இழுத்தார். துடைப்பக்கட்டையைக் காதோடு அணைத்தபடி செவியர் விழித்தார். மண்டபமே சிரித்தது.

கூட வந்திருந்த தம்பி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, குடும்ப மானம் போகுது. சத்தமில்லாம வாங்க."

"ஏமாந்ததுல போகலடா. மறைச்சாத்தான் போகும்." முதுகை நிமிர்த்தி, பழைய பணிக்குரலில் கத்தினார்: "உங்களைக் கூட்டியாந்தவன் நான். தப்பு என்னோடது. யாரும் கட்டைப் பிரிக்காதீங்க!"

முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். அறிவைத் துணி சுற்றி அடுத்தவன் திரைக்குள் நீட்டுகிறவர்களே, அதற்கு எங்கே போய் மாவுக்கட்டுப் போடுவீர்கள்?