வித்தியாசம் சாருக்குக் கிடைக்காத வித்தியாசம்

பதுளை மாவட்டத்தில் அட்டைக் கடியைக்கூட ஆராய்ச்சியாக்கிய ஒரே மனிதர் எதிலும் வித்தியாசம் தேடுவதால் நாங்கள் 'வித்தியாசம் சார்' என்று பெயர் வைத்த எங்கள் அதிகாரிதான். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் நாளில், அட்டை ஏறாமலிருக்க, ஒரு காலுக்கு மட்டும் சவர்க்காரம் பூசிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "ரெண்டு கால்லயும் பூசினா சவர்க்காரம் வேலை செஞ்சுச்சான்னு எப்புடித் தெரியும்?" என்பார். பூசாத காலில் ரத்தம் வழிய, முகமெல்லாம் சிரிப்பாக நடந்து வருவார்.

கல்வித் திட்டங்களால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா என்று பார்ப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. நான் சாருக்கு உதவியாளன். நமுனுகுல பக்கம் ஒரு தோட்டத்தில், மேல்பிரிவுத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சாந்தி டீச்சர் மாலை வாசிப்பு வகுப்பு நடத்தினார். கீழ்ப்பிரிவில் வகுப்பு கிடையாது. ஒரு வருடம் கழித்து இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் வாசிக்கவைத்து ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இல்லையென்றால் பணம் தருபவர்கள் வகுப்பை மூடிவிடுவார்கள். டீச்சரின் வேலையும் போய்விடும்.

மேல்பிரிவுப் பிள்ளைகள் கடகடவென்று வாசித்தார்கள். கீழ்ப்பிரிவுப் பிள்ளைகளும் கடகடவென்று வாசித்துத் தொலைத்தார்கள். அந்தக் குளிரிலும் சாருக்கு வியர்த்துவிட்டது.

"இங்கதான் வகுப்பே இல்லையே, புள்ளைங்க எப்புடிம்மா வாசிக்குதுங்க?" என்று கீழ்ப்பிரிவில் ஒரு தாயிடம் கேட்டார்.

"மேல்பிரிவுல இருக்கறது பூரா எங்க அண்ணன் தம்பி புள்ளைங்கதானே சார்! லீவுக்கு எறங்கி வந்தா சும்மா இருக்குமா? எங்க புள்ளைங்கள உக்கார வச்சு டீச்சர் வெளாட்டு வெளாடுதுங்க. தப்பா வாசிச்சா அடி வேற!"

"பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த எடம்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே!" என்று சார் லயத்து வாசலிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாதான் பால் கலக்காத பிளேன்டீ கொடுத்துத் தேற்றினார்.

"கீழ்ப்பிரிவு மார்க்கைக் கொஞ்சம் கொறைச்சுப் போட்ருவோமா சார்?" என்றேன்.

"வாசிச்ச புள்ளைய வாசிக்கலன்னு எழுதச் சொல்றியா?" என்று முறைத்தவர், மார்க் தாள்களை என் கையிலிருந்து பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

திட்டத்துக்குப் பணம் தருபவர்கள் கூட்டம் போட்டார்கள். சார் எழுந்து, "வித்தியாசம் ஒண்ணும் இல்லைங்க" என்று உள்ளதை அப்படியே சொன்னார்.

"அப்ப வகுப்பை நிப்பாட்டிறலாம்தானே?" என்றார் அவர்களில் ஒருவர்.

"தாராளமா நிப்பாட்டலாங்க. ஆனா மேல நிப்பாட்டினா கீழயும் சேந்து நின்னுரும்" என்று, அந்த டீச்சர் விளையாட்டை அடி உட்பட விவரித்தார். கூட்டமே சிரித்தது. வகுப்பைத் தொடரலாம் என்று முடிவாயிற்று.

வெளியே தேநீர்க் கடையில்தான் கவனித்தேன். சார் தேநீரைச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டிருந்தார். "சாந்தி டீச்சருக்கு மொதல்ல போன் பண்ணு தம்பி. பாவம், காலையில இருந்து சாப்புடாம இருப்பாங்க" என்றார். அவரும்தான் சாப்பிட்டிருக்கவில்லை. போனை எடுப்பதற்கு முன், அவருக்கு ரொட்டி கொண்டுவரச் சொன்னேன்.