எந்தப் பிடி?

ஒரு மொழி முக்கால்வாசி புரிவது, ஒன்றுமே புரியாமல் இருப்பதைவிட ஆபத்தானது. பட்டவள் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து மைசூருக்கு ஆராய்ச்சி உதவியாளராக வந்து மூன்றாவது வாரம். எங்கள் ஆய்வகத்தின் வேலை, தண்ணீரை லேசரால் வேவு பார்ப்பது. டம்ளரில் தேமே என்று கிடக்கும் தண்ணீருக்குள் மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டு, ஒன்றையொன்று பிடிப்பதும் விடுவதுமாக இருக்கின்றன. ஒரு பிடியின் ஆயுள், விநாடியில் ஏறக்குறைய லட்சம் கோடியில் ஒரு பங்கு. முதல் லேசர்த் துடிப்பு போய் அவற்றைத் தட்டிவிடும், அடுத்தது கண்ணிமைப்பதற்குள் (அங்கே கண்ணிமைப்பதெல்லாம் ஒரு யுகம்) போய், "இப்ப எப்படி இருக்கே?" என்று விசாரிக்கும். அந்தப் பதிலை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

பேராசிரியர் நிபந்தனை போட்டிருந்தார். அன்று மதியம் வரும் மதிப்பீட்டுக் குழுவுக்கு சிக்னலைக் காட்டினால் எனக்கு லேசர் அறையில் இடம். இல்லாவிட்டால் குடுவை கழுவும் வேலை.

அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நான் லேசரைத் திசைதிருப்பும் கண்ணாடியின் திருகைத் திருப்ப, சீனியர் ரகு பக்கத்து அறையில் குழுவோடு நின்று, திரையைப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. ரகு மைசூர்க் கன்னடக்காரர், தமிழ் அரைகுறை. என் கன்னடம் அதைவிட மோசம். நூலளவு திருப்பினேன். திரையில் சிக்னல் கோடு எகிறியதாம்.

"பிடி! பிடி!" என்று கத்தினார் ரகு.

எனக்காகப் பாடப்புத்தகத் தமிழில் பேசுகிறாரே என்று உருகிப்போய், திருகை இறுக்கிப் பிடித்தேன்.

"அய்யோ, பிடீ!"

"புடிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்!"

இரண்டு கையாலும் பிடித்தேன். முழங்காலை மேசைக்கு முட்டுக் கொடுத்தேன். கண்ணாடி தாங்கியோடு கழன்று கையில் வந்துவிட்டது. திரையில் கோடு படுத்துவிட்டது. ரகு ஓடிவந்தபோது கண்ணாடியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்ரீ இது? கை எடுங்கன்னுதானே சொன்னேன் நானு!"

கன்னடத்தில் 'பிடி' என்றால் 'விடுங்கள்'. (பல்லில் வரும் ப அல்ல, பஸ்ஸில் வரும் ப. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், நான் என்ன செய்வேன்?)

மூன்று மாதம் குடுவை கழுவினேன். முதல் நாள் அழுகை வந்தது. ஆனால் குழாய்த் தண்ணீர் கையில் விழும்போதெல்லாம் அதே யோசனைதான்: இப்போது பிடிக்கிறதா, விடுகிறதா? ரகு பரிதாபப்பட்டுத் தினமும் அரைமணி நேரம் கன்னடம் சொல்லிக்கொடுத்தார். நாலாவது மாதம் பேராசிரியர் மறுபடி கூப்பிட்டார். கோடு எழுந்து, மெல்லச் சரிந்தது. தண்ணீர் பதில் சொல்லிவிட்டது! ரகு வாயைத் திறக்கும் முன்பே கையை எடுத்துவிட்டேன்.

(அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.)

எங்கள் மகளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். போன வாரம் தேவராஜ மார்க்கெட் எதிரே சாலையைக் கடக்கும்போது, "கையப் புடி கண்ணு" என்றேன். நாலு பக்கமும் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்க, நட்டநடுவில் நின்று கேட்கிறாள்:

"எந்தப் பிடிம்மா? உன்னுதா, அப்பாவுதா?"