கீழே விட்ட அறுபது பாக்கெட்

“அறுபதா? இது கம்பெனியா, ஓட்டைப் பையா?” என்று குதித்தார் பார்த்தசாரதி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைக்கும் அட்டை தயாரிக்கிற சின்னக் கம்பெனி அவருடையது. வருஷம் தொண்ணூற்றாறு. போன வாரம் வாங்க வந்தவர்கள் ஆயிரம் பாக்கெட், அதாவது செய்தித் துண்டுகள், அனுப்பிப் பார்த்தார்கள்; அறுபது போய்ச் சேரவில்லை. ‘கீழே விட்டது: 60’ என்று திரை கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுத்துவிட்டது. அட்டையை இயக்கும் புரோகிராம், இன்னும் வேலை நிரந்தரமாகாத பக்தவத்சலம் எழுதியது. விட்டவற்றின் எண்ணிக்கையை அட்டையிடமிருந்து வாங்கித் திரைக்குத் தரும் வரியும் அவனுடையதுதான். யார் கேட்டார்கள்?

“வெள்ளிக்கிழமை திரும்ப வர்றாங்க. ஆர்டர் வந்தா நீ பர்மனென்ட். இல்லேன்னா...”

இல்லையென்றால் திருவேற்காட்டுக் கஸ்தூரியும் இல்லை. “வேலை பர்மனென்ட் ஆவட்டும், தட்டு மாத்திக்கலாம்” என்று பெண்ணின் அப்பா சொன்னது அவன் ஊரான நூம்பல் முழுக்கத் தெரியும். நமக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை, அட்டையின் எண்ணிக்கையை நம்பாமல் புரோகிராமிலும் தனியாக எண்ண வைத்தான். இரண்டும் கூடி 120.

“என்னய்யா, குட்டி போட்டிருக்கு!”

புதன்கிழமை, மறுபடி அனுப்பிச் சேர்ந்தவற்றைக் கழித்தான். அவசரத்தில் சிலதை இரண்டு தடவை கழித்தான். எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. கழித்தல் குறியே தெரியாத கம்ப்யூட்டர் அதைத் தூக்கி உச்சியில் வைத்தது: நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சம்.

“ஆயிரம் அனுப்பி நானூறு கோடி தொலைச்சிருக்கே. ஆளுய்யா நீ!”

“சார், விட்டதை எண்ணினாத்தான் எங்க, ஏன் விடுதுன்னு...”

“எண்ணாதே!”

வியாழக்கிழமை எண்ணும் வரிகளையெல்லாம் அழித்தான். திரையில் 0. கஸ்தூரியை நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பார்த்தசாரதி கேசரி வரவழைத்தார். வாங்கும் கம்பெனியின் ஜேம்ஸ் ஆயிரம் அனுப்பினார். மறுமுனைக்கு வந்தது 940. ‘கீழே விட்டது: 0.’

ஜேம்ஸ் அந்தப் பூஜ்யத்தையும் 940ஐயும் ஒப்பிட்டுப் பார்த்தார். “போன் பண்றோம்” என்று பையை மூடினார். கேசரியைத் தொடவில்லை.

வழியனுப்ப முந்திக்கொண்டு வாசலுக்கு வந்த பக்தவத்சலத்தின் கையை, ஜேம்ஸ் வந்த வேனை ஓட்டும் சுலைமான் பிடித்துக் குலுக்கினார்.

“போன வாரம் வண்டில எங்க சாரு சொல்லிகினே வந்தாரு நைனா, ‘அல்லாரும் ஜீரோன்னு புளுவுறான், இந்தப் புள்ள ஒருத்தன்தான் விட்டத விட்டேன்னு கரீட்டா அறுபது காட்னான்’னு. கையெழுத்து போட்ட ஆர்டர் பையிலதான் கீது, குட்த்துட்டாரா?”