தினமும் புழங்குவதற்காக

குயவர்களில் இரண்டு வகை உண்டு. பாத்திரம் செய்கிறவர்கள் ஒரு வகை. செய்த பாத்திரத்தைக் கையிலிருந்து கீழே வைக்க மனம் வராதவர்கள் இன்னொரு வகை. நாம் பார்க்கப்போகிறவர் இரண்டாவது.

ஆதியில் இவர் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மதியம் பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிடும்போது, மனுஷன் தினமும் சாப்பிடுகிற தட்டில் இன்னொரு மனுஷனின் கை பட்டிருக்க வேண்டாமா என்று ஞானம் பிறந்தது. வேலையை விட்டார். சக்கரம் வந்தது, சூளை வந்தது, கார் நின்ற இடத்தில் களிமண் குடியேறியது. முதலில் செய்த தட்டுகள் மேசையில் நிற்காமல் ஆடின, பிறகு வந்த கிண்ணங்கள் ஒழுகின, ஒழுகாதவை சூளைக்குள்ளேயே வெடித்தன. மனைவி முகம் சுளிக்காமல் தன் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டினாள். “நல்லா வர்ற முதல் தட்டு உனக்குத்தான்” என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தாரே!

நல்ல தட்டும் வந்தது. அவள் அதில் சாப்பிட்டாளா? முதல் தட்டு என்பதாலேயே அது கண்ணாடி அலமாரிக்குப் போனது. அடுத்ததில் நீலப் பூச்சு அபூர்வமாக அமைந்துவிட்டதாம், அதுவும் உள்ளே. அதற்கடுத்தது கண்காட்சிக்கு. சுமாராக வந்ததிலாவது சாப்பிடலாமென்றால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உடைத்துப்போட்டார். குடும்பம் பழைய பிளாஸ்டிக் தட்டிலேயே சாப்பிட்டது.

இந்த இனத்தை வெளியிடத்தில் கண்டுபிடிப்பது சுலபம். யார் வீட்டில் கோப்பையை நீட்டினாலும் அடிப்பாகம் எப்படிச் சீவியிருக்கிறது என்று பார்க்கத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். உள்ளே காபி இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வரும். இவருடைய மைத்துனர் வீட்டு சோபாவைக் கேட்டால் சொல்லும்.

கண்காட்சி வந்தது. வாங்க வந்தவர்களிடமெல்லாம் உருகி உருகிப் பேசினார். வரிசையில் அடுத்து நின்றவள் நீலத் தட்டு ஒன்றை நீட்டினாள். இவர் நிமிர்ந்து பார்க்காமலே காகிதத்தில் சுற்றிக்கொண்டு பாடத்தை ஒப்பித்தார்:

“அலமாரில வச்சு அழகு பாக்காதீங்கம்மா. தினமும் இதுலயே சாப்பிடுங்க.”

“சரிங்க. இதை நீங்க வீட்டுலயே சொல்லியிருந்தா நான் வரிசையில நின்னிருக்க மாட்டேன்.”

நிமிர்ந்தார். மனைவி. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முழுப் பணத்தையும் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் அவளுக்கு அந்தத் தட்டுதான். கரண்டி உரசும்போதெல்லாம் எதிரே பிளாஸ்டிக் தட்டுடன் உட்கார்ந்திருந்தவருக்கு உடம்பு கூசியது. ஒரு நாள் விளிம்பில் லேசாகச் சில்லு பெயர்ந்தது. அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க, தான் செய்ததில் தட்டு என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பொறாமை தாங்கவில்லை.

“எனக்கும் ஒரு வேளை அதுல போடேன்.”

“கண்காட்சி மறுபடி வரும். வரிசையில நின்னு வாங்கிக்குங்க.”

சிரித்தது போதும். நீங்கள் களிமண்ணைத் தொட்டதே இல்லை, உங்களுக்கென்ன? போகிறபோக்கில் உங்கள் வீட்டு அலமாரியில் விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தத் தட்டுகளில் ஒன்றை எடுத்து இன்றைக்குச் சாப்பிடுங்களேன். சாவி எங்கே இருக்கிறதென்றாவது தெரியுமா?