கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்ட பாட்டு

"இப்போ சொல்லுங்க மாமா. ஒண்ணு தெளிவா இருந்ததா, ரெண்டு தெளிவா இருந்ததா?"

கேட்டவர் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதிரே சோபாவில், கண்ணில் கறுப்புத் துணி கட்டிய கோலத்தில் அவருடைய மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. அந்த ஃபேனைக் கொஞ்சம் போடச் சொல்லுங்க, வேர்க்குது."

"ஃபேன் சத்தத்துல முடிவு மாறிடும். இன்னொரு தடவை கேளுங்க."

மாமனார் பெருமூச்சு விட்டார். நான்கு நாளாக இதுதான் நடக்கிறது.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கண்ணாடிக்காரரின் மனைவி ஒரு கூரியர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தாள். காணாமல் போன பார்சலுக்கும் நசுங்கி வந்த பார்சலுக்கும் நாள் முழுக்கத் திட்டு வாங்குவதுதான் வேலை. அங்கே பதினைந்து வருடம் தாக்குப்பிடித்ததற்காக உடன் வேலை செய்பவர்கள் சேர்ந்து அவளுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். உயர்ந்த ரக ஒயர்லெஸ் ஸ்பீக்கர். நிமிர்ந்து நிற்கும் கறுப்பு ஒன்று, சாம்பல் நிற உருண்டை ஒன்று. இரண்டையும் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்து, பிடித்த ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பத்தாம் நாள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடை ஆள் வந்து வேண்டாததை எடுத்துப் போவார்.

மனைவி பெட்டியைப் பிரித்த மறுநிமிடமே, "கறுப்பே போதும்" என்றாள். வேலை விட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்து ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

"இதெல்லாம் ஒரு நிமிஷத்துல முடிவு பண்ற விஷயமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

அவர் சொன்னதில் ஒரு வேடிக்கை உண்டு. இருபது வருடமாக அவர் தொழிலே மற்றவர்களை முடிவெடுக்க வைப்பதுதான். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "ஒண்ணா, ரெண்டா" என்று கேட்பார். வருகிறவர்களும் பட்டென்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவருக்கு மட்டும் அது வராது. திரைச்சீலைக்குத் துணி எடுக்க நான்கு மாதம் யோசித்தார். ஐந்தாம் மாதம் மனைவியே வாங்கி மாட்டினாள். மகளுக்குப் பள்ளி, பல்லுக்கு டாக்டர், சுவருக்குச் சுண்ணாம்பு என்று ஒவ்வொரு முடிவாக அவர் கையைவிட்டுப் போய்விட்டது.

"சரி, இது உங்க பொறுப்பு. சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள சொல்லிடணும். இல்லைன்னா நீங்க போடற சட்டையைக்கூட இனிமே நான்தான் எடுத்து வைப்பேன்" என்றாள் மனைவி.

சொன்னால் செய்கிறவள்.

எனவே கண்ணாடிக்காரர் தொழில்முறையில் இறங்கினார். கடையில் அவருக்கு இரண்டு சட்டம். பார்த்ததை வைத்து ஒருவர் பதில் சொல்லிவிடக் கூடாது என்பது ஒன்று. அதனால் ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஒட்டி ஒட்டி வைத்துத் திரைக்குப் பின்னால் ஒளித்தார். போதாதென்று கேட்பவர் கண்ணையும் கட்டினார். லென்ஸ் மாற்றும் உதவியாளர் பரிசோதனையின்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது இன்னொன்று. தொண்டையைச் செருமினால்கூட, வந்தவர் குறிப்பறிந்து பதில் சொல்லிவிடுவாராம். அந்த வாய்திறவா உத்தியோகம் ஒன்பதாவது படிக்கும் மகளின் தலையில் விழுந்தது. பாட்டின் முதல் அரை நிமிடத்தை ஒன்றில் போட வேண்டும், அதையே மற்றதில் போட வேண்டும், எது எது என்று நோட்டில் ரகசியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாளே அவள் சட்டத்தை மீறினாள்.

"அப்பா, அந்த உருண்டை..."

கண் கட்டியிருந்த கண்ணாடிக்காரர் துள்ளிவிட்டார். "பேரைச் சொன்னா எதைக் கேட்டேன்னு தெரிஞ்சுபோகுமே. எல்லாம் பாழ். முதல்லேருந்து ஆரம்பி."

"அது இல்லப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணு, ரெண்டு. இதைத் தவிர உன் வாயிலேருந்து எதுவும் வரக் கூடாது. சனிக்கிழமை வரைக்கும்."

அவள் அம்மாவிடம் போனாள். வேலை முடிந்து வந்து, தொடங்கித் தொடங்கி நின்ற அதே அரை நிமிடத்தைப் பதினேழாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, உருண்டை கிருண்டை என்ற பேச்சே சமையலறைக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மகள் தோளைக் குலுக்கிக்கொண்டு திரும்பினாள். அதற்குப் பிறகு ஒரு கையில் அறிவியல் புத்தகம், ஒரு கையில் போன் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரருக்கு முதல் நாள் ஒன்று பிடித்தது. மறுநாள் இரண்டு பிடித்தது. குற்றம் சோபா இருக்கும் இடத்தில்தான் என்று முடிவு செய்து அதை நகர்த்தினார். சோபாவுக்கு இடம் விட அலமாரியை நகர்த்தினார். அன்று மாலை வேலையிலிருந்து வந்த மனைவி, காலையில் காலியாக இருந்த இடத்தில் அலமாரி நிற்பது தெரியாமல் முட்டியில் இடித்துக்கொண்டாள். எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஒருவர் காது போதாது என்றுதான் மாமனாரைச் சேர்த்தார். மாமனார் காதில் மிஷின் வைத்திருப்பவர். நான்காம் நாள் வரை "ரெண்டும் நல்லாருக்கு" என்று இழுத்தவர், ஐந்தாம் நாள் தடாலடியாக "ரெண்டு, சந்தேகமே இல்ல" என்றார். கண்ணாடிக்காரர் நெகிழ்ந்துபோனார். மாமனார் எழுந்து போன பிறகு பார்த்தால், காது மிஷின் சோபா இடுக்கில் கிடந்தது.

ஆறாம் நாள் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தினமும் முன்னே பின்னே தெரியாதவர்கள் ஓட்டும் வண்டியில் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அவருக்கே பொறுமை போய்விட்டது.

"சார், அந்தப் பாட்டுல அடுத்த வரி என்ன சார்? ஆறு நாளா அந்த இடத்துலயே நிறுத்தறீங்க. வண்டியில உட்கார்ந்தாலும் அதே நினைப்பு. நேத்து ஒரு அம்மா சுவத்துல விடற வரைக்கும் நான் பிரேக் போடலை."

அடுத்த வரி கிடைக்கவில்லை. அவர் கண்ணையும் கட்டி உட்கார வைத்தார் கண்ணாடிக்காரர். மாடி வீட்டுக்காரர் சுவாரஸ்யம் தட்டி, முதலாவது முதல் கியரில் மேடு ஏறுகிறது, இரண்டாவது நாலாவது கியரில் வழுக்கிக்கொண்டு போகிறது என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் தன் மச்சினனையும் அழைத்து வந்தார். நோட்டில் ஓட்டுகள் குவிந்தன. கண்ணாடிக்காரருக்குத் தலை சுற்றியது.

சுற்றியது கடையிலும் தெரிந்தது. ஒரு தையல்காரருக்குப் பரிசோதனை செய்யும்போது, அவர் "ரெண்டு" என்று சொன்னதை இவர் ஸ்பீக்கர் நினைப்பிலேயே கேட்டு, இரண்டு கண்ணுக்கும் லென்ஸை மாற்றிப் பொருத்திக் கொடுத்துவிட்டார். எட்டாம் நாள் தையல்காரர் ஒரு சட்டையோடு வந்தார். சட்டைப்பை முதுகில் இருந்தது. அவர் சண்டை போடவில்லை. சட்டையை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். கடையில் இருந்த மற்ற மூன்று பேரும் நாளைக்கு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்கள்.

சனிக்கிழமை வந்தது. மகள் நோட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாள். ஐந்து மணிக்கு மனைவி, மாமனார், மாடி வீட்டுக்காரர் முன்னிலையில் கண்ணாடிக்காரர் நோட்டைத் திறந்தார்.

உருண்டைக்கு இருபத்தேழு ஓட்டு. கறுப்புக்குப் பதினொன்று.

பத்து நாள் பட்ட பாடெல்லாம் அந்த நிமிடத்தில் பறந்துபோனது. "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "கறுப்புல பாட்டு பெட்டிக்குள்ளயே இருக்கு. உருண்டையில அறை முழுக்க இருக்கு. காது உள்ளவனுக்கு அந்த வித்தியாசம் புரியும்."

மாடி வீட்டுக்காரர் நாலாவது கியரை நினைவுபடுத்தி ஆமோதித்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் கணவர் ஒரு முடிவெடுத்துப் பார்க்கக் கிடைத்ததில் மனைவிக்கும் மனசு லேசானது நிஜம். உருண்டையோ சதுரமோ, இன்று ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுவிடலாம்.

ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடை ஆள் வந்தார். "நல்லா யோசிச்சுட்டீங்களா சார்? ஒருதடவை எடுத்துட்டா மாத்த முடியாது" என்றார்.

"யோசிக்காம நான் எதையும் செய்யறதில்லை" என்று கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டார். கறுப்பு, பெட்டிக்குள் போய், படியிறங்கி, வண்டியேறிப் போனது.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். மாமனார் சோபாவில் சாய்ந்தார். அடுத்த வரிக்காக மாடி வீட்டுக்காரர் வாசலோடு நின்றார். கண்ணாடிக்காரர் திரையை விலக்கி, பத்து நாளில் முதல்முறையாகப் போனைத் தன் கையில் எடுத்து அழுத்தினார்.

சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். போனைத் தட்டினார். உருண்டையைத் தட்டினார்.

"என்ன தெளிவு மாப்பிள்ளை" என்று தலையாட்டினார் மாமனார்.

மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

அப்போது டியூஷன் பையோடு மகள் உள்ளே வந்தாள். கறுப்பு இருந்த இடத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இப்போ பேசலாமாப்பா?"

கண்ணாடிக்காரர் தலையை அசைத்தார்.

"உருண்டையோட சார்ஜர் பெட்டியில வரவே இல்ல, அது பாடாதுன்னு முதல் நாளே சொல்ல வந்தேன், நீங்க விடல, அதனால பத்து நாளா நோட்டுல மட்டும் மாத்தி மாத்தி எழுதிட்டு, எல்லாருக்கும் ஒண்ணும் கறுப்புலதான் போட்டேன், ரெண்டும் கறுப்புலதான் போட்டேன்."