அறமுரசு என்று ஒரே ஒரு பிள்ளை

இனி என் குடும்பத்தில் ஒரு ரித்திக் உருவாக விடமாட்டேன் என்று நான் சூளுரைத்தபோது, என் பேரனுக்கு வயது நான்கு நாள்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மட்டும் நான்கு ரித்திக். மாலையில் கீழே ஒரு தாய் "ரித்திக்!" என்று கத்தினால் நான்கு பிள்ளைகள் திரும்புகிறார்கள், ஒருவனும் வருவதில்லை. பொருள் கேட்டால், "கேக்க நல்லா இருக்குல்ல அங்கிள்" என்கிறார்கள். ஐஸ்கிரீம் வண்டி மணிகூடத்தான் கேட்க நன்றாக இருக்கிறது. அதையா பிள்ளைக்கு வைப்பார்கள்?

நான் முப்பத்தைந்து ஆண்டுகளாகப் போராடுபவன். பிழையான தமிழ்ப் பலகைகளை எதிர்த்து, தமிழ் இல்லாத கல்யாணப் பத்திரிகைகளை எதிர்த்து, நூற்றுக்கும் மேல் துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறேன். நான் படித்ததும் துண்டுப்பிரசுரங்களில்தான். பள்ளிக்கூடம் என்னை ஆறாம் வகுப்போடு கைவிட்டது. என் பிரசுரத்தைப் படித்து ஒருவராவது மனம் மாறியதாக இதுவரை தகவல் இல்லை. அது மக்களின் குறை.

மகள் தாரணியும் மருமகன் ஸ்ரீராமும் பெயருக்காகச் சண்டை போட்டே ஓய்ந்துவிட்டார்கள்.

"நாற்பத்திரண்டு நாளுக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணணும்பா. நீங்களும் அம்மாவும் முடிவு பண்ணுங்க. ஐ ஆம் டயர்ட் லா" என்றாள் தாரணி.

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு?" என்றாள் என் மனைவி பாப்பாத்தி. "ரித்திக்."

"நடக்காது. உலகத்துல வேற எந்தப் பிள்ளைக்கும் இல்லாத பேரா இருக்கணும். அறமுரசு!"

"கத்தாதீங்க, பிள்ளை பயப்படுது."

"அறத்துக்காக ஒலிக்கிற முரசு. இதுதான் பொருள். உன் ரித்திக்குக்குப் பொருள் சொல்லு பார்ப்போம்."

"பொருளா வந்து பரீட்சை எழுதப் போகுது? டீச்சர் இந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரீசஸ் பெல் அடிச்சிடும்."

குழந்தைப் பெயர்களுக்கென்றே இருக்கும் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினேன். அறமுரசு. பொருள்: கிடைக்கவில்லை. பிரபலம்: பூஜ்யம். விரும்பிய பெற்றோர்: பூஜ்யம்.

"பூஜ்யத்துக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"அது பூஜ்யம் இல்ல பாப்பாத்தி. தூய்மை."

அவள் குழந்தைத் துணியை மடித்தபடி யோசித்தாள்.

"சரி. வேற ஒரு பிள்ளைக்கும் இந்தப் பேரு இல்லேன்னா வச்சுக்கங்க. ஒரே ஒரு பிள்ளைக்கு இருந்தாலும் நான் சொல்றதுதான். எழுதிக் குடுக்கிறீங்களா?"

எதிர்த்தரப்பு தானாக வந்து ஒப்பந்தம் கேட்பது என் போராட்ட வாழ்வில் நடந்ததே இல்லை. உடனே எழுதினேன். முப்பதாம் நாள் பெயர் சூட்டும் நேரம் வரை செல்லும் என்று கெடுவும் போட்டேன். மூன்று பிரதி. ஸ்ரீராம் சாட்சி.

இரண்டு வாரம் வீட்டில் பேரமைதி. பிறகு ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, விசேஷத்துக்கு வர்றவங்க எல்லாம் என்ன பேரு, என்ன அர்த்தம்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்களே. ஒரு நோட்டீசு போட்டுடுங்களேன்."

என் காதை நான் நம்பவில்லை. முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் என் பிரசுரங்களை அவள் மசாலா டப்பாவுக்கு அடியில் விரித்திருக்கிறாள். கேட்டு வாங்கியதில்லை.

"வீட்டுக்கு வர்றவங்களுக்கு மட்டும் எதுக்கு?" என்றேன். "நாட்டுக்கே சொல்றேன்."

"அது உங்க இஷ்டம்" என்றாள் வெண்டைக்காயிடம்.

அன்றே எழுதிக்கொண்டு லிட்டில் இந்தியாவில் நகல் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மதுவிடம் போனேன்.

"என்ன அண்ணே, மறுபடியும் பஸ் ஸ்டாப் போர்டா?"

"இல்ல பாய். பேரன்."

"பேரனை ஆதரிச்சா, எதிர்த்தா?"

முன்னூறு பிரதி எடுத்தேன்.

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நின்று விநியோகித்தேன். பாப்பாத்தியும் கறி வாங்க உடன் வந்தாள். துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்த தம்பிகள் கடல்போல் திரண்டிருந்தார்கள். "சிம் கார்டா அண்ணே?" என்றான் ஒருவன். "எத்தனை பர்சன்ட் கழிவு?" என்றான் இன்னொருவன். ஒருவன் வாங்கி விரித்து அதன்மேல் உட்கார்ந்தான். ஒருவன் பக்கோடாவை அதில் கொட்டினான். எண்ணெயில் 'அறம்' மறைந்து 'முரசு' மட்டும் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணு குடுங்க" என்றாள் பாப்பாத்தி.

டப்பாவுக்கு அடியில் விரிக்கத்தான் என்று நினைத்தேன். ஆனாலும் கொடுத்தேன். வீட்டுக்குள்ளிருந்து கிடைத்த முதல் வாசகி.

முப்பதாம் நாள். வீடு நிறைய உறவு. தொட்டிலருகே நின்று தொண்டையைச் செருமினேன். எழுதி வைத்த உரை நான்கு பக்கம். ஸ்ரீராம் பதிவு செய்யக் கைப்பேசியோடு தயாராக இருந்தான்.

"தமிழ்ப் பெருமக்களே" என்று தொடங்கும்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஒரு தம்பி, கையில் லட்டுப் பெட்டி.

"வாங்க குமரன்" என்றாள் பாப்பாத்தி, பத்து வருடம் பழகியவள் மாதிரி.

அவன் நேராக வந்து என் காலில் விழப் போனான். காலில் விழும் பழக்கத்தைக் கண்டித்து நான் இரண்டு பிரசுரம் எழுதியிருக்கிறேன். துள்ளி விலகினேன்.

"ஐயா, உங்க நோட்டீசைப் படிச்சேன். அந்த அர்த்தத்தைப் படிச்சதும் உடம்பு சிலிர்த்துடுச்சு. ஊர்ல என் சம்சாரத்துக்குப் போன்ல படிச்சுக் காட்டினேன். பத்தாம் நாளே பேரு வச்சாச்சு."

கைப்பேசியை நீட்டினான். மன்னார்குடியில் ஒரு தொட்டில். அதில் முஷ்டி மடக்கிய சின்னஞ்சிறு போராளி. மேலே அட்டையில் பெரிய எழுத்தில்: அறமுரசு.

முப்பத்தைந்து ஆண்டு. ஒரு ஆள் மாறிவிட்டான்! எனக்குக் கண் கலங்கியது. குமரனைக் கட்டிக்கொண்டேன்.

"மாமா" என்றான் ஸ்ரீராம் மெதுவாக. அவன் கையில் ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரதி.

கண் கலங்கியதற்கு இப்போது வேறு காரணம் கிடைத்தது.

"ரித்திக்னு போடுங்க மாப்பிள்ளை" என்றாள் பாப்பாத்தி. கைப்பேசியிலேயே பதிவுப் படிவத்தைத் திறந்து போட்டுவிட்டான். என் கையெழுத்தை எதிர்த்து நானே போராட முடியுமா?

லட்டைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். வாங்காமல் கேட்டேன்:

"இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நான் குடுத்தேன். ஒருத்தன் படிக்கல. இவனுக்கு மட்டும் எப்படி?"

"நீங்க வர்றவன் போறவனுக்கெல்லாம் நீட்டினீங்க. நான் கறிக்கடை வரிசையில நின்னேன். முன்னாடி இந்தத் தம்பி, 'ஆம்பளப் பிள்ளையா! நல்ல தமிழ்ப் பேரா யோசிங்க'ன்னு போன்ல குதிச்சுக்கிட்டிருந்துச்சு. குடுத்தேன். விசேஷத்துக்கும் வரச் சொன்னேன். ஆளைப் பார்த்துக் குடுக்கணும்லா."

லட்டு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த பிரசுரம் தயார். முன்னூறு வேண்டாம், ஒரே ஒரு பிரதி போதும் என்று நெய்னா முகம்மதுவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாத்தி கறிக்கடைக்குப் போகிறாள்.